நான் குளியலறையில் இல்லாத இரண்டரை மணி நேரம்

கிராகோவ்,
டிசம்பர் 25, காலை பதினொன்று,
வயிறு இன்னும் நேற்றில் இருக்கிறது.

அன்பிலும் அதிகாரத்திலும் எனக்கு மூத்தவளான அக்கா யாத்விகாவுக்கு,

உன் ஒரே தம்பியும், க்தீனியா துறைமுகத்தின் ஏழாம் எண் கிரேன் மீது முப்பத்திரண்டு ஆண்டுகள் கொலுவிருந்து இறங்கியவனுமான ஹிப்போலித், பண்டிகை வணக்கங்களோடும் ஒரு முழு அட்டை செரிமான மாத்திரைகளோடும் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் இடுப்பு வலியும் உன் கோபமும் எப்படி இருக்கின்றன? முன்னது குறைந்திருக்கும், பின்னது குறைந்திருக்காது என்று நம்புகிறேன்.

நேராக உன் இரண்டு கேள்விகளுக்கு வருகிறேன். நேற்று மாலை நீ மூன்று முறை தொலைபேசியில் கூப்பிட்டாய். மூன்று முறையும் உன் மகள் போக்னா, "மாமா குளியலறையில இருக்கார்மா" என்றாள். மூன்றாம் முறை நீ, "ரெண்டு மணி நேரமா அங்க என்னடி பண்றான்?" என்று கேட்க, அவள் வேறு வழியில்லாமல் "பல் தேய்க்கிறார்" என்று சொல்ல, "அவனுக்கு ஏதுடி அவ்வளவு பல்லு?" என்று நீ திருப்பியதாக அறிந்தேன். ஐந்து விருந்தினர் முன்னிலையில் என் பற்களின் எண்ணிக்கையை விவாதித்ததற்காக உன்னை மன்னிக்கிறேன். நான்காம் முறை வீடியோவில் வந்தாய். என் முகமும் தெரிந்தது, என் பக்கத்தில் சிவப்புச் சால்வை போர்த்திய ஒரு பெண்மணியும் தெரிந்தார். "யார்டா அது?" என்றாய். நான் வாய் திறக்கவில்லை. கண்ணில் மட்டும் நீர் வந்தது. தம்பி பக்தியில் உருகிவிட்டான் என்று நீ நினைத்திருப்பாய். அக்கா, அது பக்தி அன்று. அது இருபத்திரண்டாவது பதார்த்தம்.

எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் முதலில் உன் நிபந்தனையை உனக்கே நினைவூட்ட வேண்டும். நாற்பது வருடமாக நம் குடும்பத்தின் கிறிஸ்துமஸ் முன்தின விருந்து உன் வீட்டில், உன் மேசையில், உன் கட்டளைப்படி நடந்து வந்தது. இந்த வருடம் போக்னா, "ஒரு வாரம் கிராகோவ் போவோம்மா, ஒரு வீடு வாடகைக்கு எடுப்போம், உன் மாப்பிள்ளை கஸ்பரோட நண்பர்களும் வர்றாங்க, நீயும் வா" என்று சொன்னபோது, அவள் ஏதோ மதம் மாறப்போவதாகச் சொன்னதுபோல் நீ நாற்காலியைப் பிடித்துக்கொண்டாய். வரமாட்டேன் என்றாய். பிறகு ரயில் நிலையத்தில் என்னைத் தூணோரம் தள்ளிக்கொண்டுபோய், நம் பங்குக் கோயிலில் மந்திரித்த, காகிதம்போல் மெல்லிய அப்பத்தை ஓர் உறையில் போட்டு என் கையில் கொடுத்து, "ஹிப்போலித், முதல் நட்சத்திரம் தெரியும்போது இத எல்லாரும் உடைச்சுப் பகிரணும். பன்னெண்டு பதார்த்தம் இருக்கணும். மேசைல இரட்டைப்படை ஆள் இருக்கணும். எதிர்பாராம வர்றவனுக்கு வெறுந்தட்டு ஒண்ணு இருக்கணும். அத்தனையும் சரியா நடந்தா அடுத்த வருஷம் நீங்க எங்க கூப்பிட்டாலும் வர்றேன். ஒண்ணு குறைஞ்சாலும், நான் மண்ணுக்குள்ள போற வரைக்கும் இந்தக் குடும்பத்துல யாரும் பண்டிகைக்கு ஊர்விட்டு ஊர் போகக்கூடாது" என்றாய். நம் போலந்து தேசத்தின் எல்லைகள்கூட இதைவிடக் குறைவான நிபந்தனைகளோடு வரையப்பட்டிருக்கின்றன. ஆயினும் நான் நெஞ்சில் கை வைத்து ஒப்புக்கொண்டேன். அன்றிலிருந்து அந்த அப்பம் என் கோட்டின் உள்பையைவிட்டு வெளியே வரவில்லை. தூங்கும்போதும் கோட்டைக் கழற்றவில்லை. கஸ்பர் அறைக்குள் வெப்பத்தைக் கூட்டியபோதும் கழற்றவில்லை. மூன்று நாளில் நான்கு கிலோ வியர்த்தேன்.

முன்தினத்தன்று மதியம் நான் சமையலறையில் மேற்பார்வை செய்துகொண்டிருந்தேன். மேற்பார்வை என்றால், ஒவ்வொரு பாத்திரத்திலும் ஒரு கரண்டி. அன்று நாள் முழுக்க நோன்பு என்பது எனக்கும் தெரியும். ஆனால் ருசி பார்ப்பது சாப்பிடுவதில் சேராது என்று நான் எப்போதோ தீர்மானித்துவிட்டேன். ஏழாவது கொழுக்கட்டையில் போக்னா பார்த்துவிட்டாள். "மாமா! வெளிய போங்க! போய் நட்சத்திரம் தெரியுதான்னு பாருங்க, தெரிஞ்சா வந்து சொல்லுங்க, அதுவரைக்கும் இந்தப் பக்கம் வராதீங்க!" என்று கையில் மாவோடு என்னைக் கதவுவரை தள்ளிக்கொண்டு வந்தாள். வந்தவள் கதவில் ஒரு கணம் நின்றாள். குரலைத் தாழ்த்தி, "மாமா, எனக்கு இந்த ஊர் சுத்தறதெல்லாம் பெரிசில்ல. நாப்பது வருஷத்துல அம்மா ஒரு தடவகூட அந்த மேசைல முழுசா உக்காந்து சாப்பிட்டதில்ல, கவனிச்சிருக்கீங்களா? சூப் வைக்க எழுந்திரிப்பா, மீன் எடுக்க எழுந்திரிப்பா. அவ உக்காந்து நான் பாக்கணும். அடுத்த வருஷம் அவ வரணும். கெடுத்துடாதீங்க" என்றாள். அக்கா, நான் கவனித்ததில்லை. நாற்பது வருடம் அந்த மேசையில் உட்கார்ந்து உன் முதுகைத்தான் பார்த்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. ஆகவே ஒரு தளபதியின் உறுதியோடு படியிறங்கினேன். செல்போனைச் சமையலறை ஜன்னலில் சார்ஜில் மறந்துவிட்டு இறங்கினேன் என்பது வரலாற்றின் சிறு விவரம்.

வெளியே குளிர் எப்படி என்கிறாய்? பூங்காவில் ஒரு புறா பறந்துகொண்டே உறைந்து, அப்படியே காற்றில் நின்றிருந்தது. நான் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்தேன். வானம் முழுக்க மேகம். ஒரு மணி நேரம் பார்த்தேன். மீசையில் பனி தொங்கி, அது பெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. நாலரை மணிக்கு மேற்கே ஓர் ஒளி தெரிந்தது. கொஞ்சம் சிவப்பாக, கொஞ்சம் தாழ்வாக இருந்தாலும் அதை நான் நட்சத்திரமாக ஏற்றுக்கொண்டேன். முப்பத்திரண்டு வருடம் கிரேன் ஓட்டியவனுக்குக் கிரேன் உச்சியின் சிவப்பு விளக்கு தெரியாதா என்று நீ கேட்பாய். தெரியும். ஆனால் கால்விரல்கள் பத்தும் ராஜினாமா கொடுத்துவிட்ட நிலையில் மனிதன் நட்சத்திரங்களைத் தரம் பார்ப்பதில்லை. ஓடினேன். தெரு வாசல், நடை, முற்றம், இடப்பக்கப் படிக்கட்டு, இரண்டாம் மாடி, ஏழாம் எண் கதவு. மணியடித்தேன்.

பிழை தெருவின் மேல்தான், அக்கா. இந்தத் தெருவைக் கட்டியவன் ஒரே வீட்டைக் கட்டிவிட்டு அதையே பதினைந்து தடவை நகலெடுத்திருக்கிறான். நம் கட்டடம் பதினாலாம் எண். நான் நின்றது பதினாறு. கதவு திறந்ததும் சூடான காற்று அடித்து என் மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி பிடித்துவிட்டது. அதற்குப் பிறகு நான் கண்டதெல்லாம் மெழுகுவர்த்தி மங்கல்தான். மேசையைச் சுற்றித் தெரியாத முகங்கள். அதிலென்ன? கஸ்பரின் ஐந்து நண்பர்கள் வ்ரோத்ஸ்வாஃபிலிருந்து நாலு மணி ரயிலில் வருவதாக இருந்தது, அவர்களில் ஒருவரைக்கூட நான் முன்பின் பார்த்ததில்லை. "மன்னிச்சுக்கணும், தாமதமாயிடுச்சு, நட்சத்திரம் வந்தாச்சு, அப்பம் என்கிட்டதான் இருக்கு!" என்று அறிவித்தேன். எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. பிறகு ஒரு பெண்குரல், "வந்துட்டாரு! ஒனுஃப்ரி, பாத்தியா, வந்துட்டாரு!" என்று கூவியது. என்னை இவ்வளவு மகிழ்ச்சியோடு எந்த வீட்டிலும் யாரும் வரவேற்றதில்லை, உன் வீடு உள்பட. கஸ்பரின் நண்பர்கள் நல்ல வளர்ப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் குரல் லியோகாடியா அம்மையாருடையது. வீட்டுக்காரி அவர்தான். ஒனுஃப்ரி அவர் தம்பி. மீசையிலேயே ஒரு தனி மனிதன் வாழக்கூடிய அளவு மீசை. பிறகுதான் விவரம் தெரிந்தது: அவர்கள் மேசைக்குப் பத்துப் பேர் வரவேண்டியது, ஒருவருக்குக் காய்ச்சல் கண்டு வரவில்லை, ஒன்பதாகிவிட்டது. ஒற்றைப்படையில் உட்கார்ந்தால் அடுத்த முன்தினத்துக்குள் ஒரு தலை குறையும் என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போன வருடம் நீ அண்டை வீட்டு நாய்க்குக் கழுத்தில் துண்டு கட்டி உட்காரவைத்தவள். பாவம், அவர்கள் மதியத்திலிருந்து ஒருவரையொருவர் பார்த்து யார் கொஞ்சம் வெளிறியிருக்கிறார் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் நான் மணியடிக்கிறேன். வெறுந்தட்டுக்கு ஓர் ஆள்! எதிர்பாராமல் வந்தவனிடம் நீ யார், எங்கிருந்து வருகிறாய் என்று அன்று கேட்கக்கூடாதல்லவா? அவர்கள் கேட்கவில்லை. கஸ்பரின் நண்பர்களைப் பார்த்து நீங்கள் யார் என்று கேட்பது மரியாதையில்லை அல்லவா? நானும் கேட்கவில்லை. இப்படி இரு தரப்பின் நாகரிகத்தால் ஒரு மாபெரும் விபத்து வெகு நேர்த்தியாக நடந்தேறியது.

"பொண்ணு எங்க?" என்று மட்டும் கேட்டேன், போக்னாவை நினைத்து. "சமையலறையில, எல்லாத்தையும் அவதான் பாக்கறா" என்றார் அம்மையார், தன் மகளை நினைத்து. பிறகென்ன? உன் அப்பத்தை எடுத்தேன். ஒவ்வொருவரோடும் உடைத்தேன். நல்லா இருங்க, நீடூழி வாழுங்க, உங்க மூட்டுவலி தீரட்டும் என்று மேசையில் இருந்த எட்டுப் பேருக்கும் வாழ்த்துச் சொன்னேன், ஒன்பதாவது துண்டைச் சமையலறைக்குக் கொடுத்தனுப்பினேன். ஒனுஃப்ரி என் தோளில் அழுதார். "அண்ணே, நீங்க வரலேன்னா இன்னைக்கு நான் போயிருப்பேண்ணே, எனக்குத்தான் ரத்தக் கொதிப்பு" என்றார். இந்த இளைஞர் கூட்டத்தில் இவர் மட்டும் ஏன் அறுபது வயது என்று ஒரு சின்னச் சந்தேகம் வந்தது. வ்ரோத்ஸ்வாஃபில் நகரக் காற்று மோசம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அப்புறம் பதார்த்தங்கள். அக்கா, உன் சமையலை நான் குறைசொல்ல மாட்டேன். இந்தக் கடிதம் உன் கையில் இருக்கும்போது சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பீட்ரூட் சூப்! அதில் நம் நாட்டு வரலாறு முழுக்கத் தெரிந்தது, சிவப்பாக, புளிப்பாக, கடைசியில் கொஞ்சம் இனிப்பாக. எண்ணெயில் ஊறிய ஹெரிங் மீன் என் வாய்க்குள் நீந்திப் போயிற்று. காளான் கொழுக்கட்டை ஒன்றைத் தட்டிலிருந்து எடுத்தால் அந்த இடத்தில் இரண்டு முளைத்தன. கெண்டை மீன் வறுவல், புளித்த முட்டைக்கோஸ், பட்டாணி, தேனும் கசகசாவும் போட்ட கோதுமை... ஒவ்வொன்றையும் தொட்டே ஆகவேண்டும், விட்டால் அடுத்த வருடம் அந்த சுகம் கிட்டாது. நான் அடுத்த முப்பது வருடத்துக்கான சுகத்தையும் சேர்த்தே தொட்டேன். லியோகாடியா அம்மையார் என் தட்டைப் பார்த்துப் பார்த்து நிரப்பினார். அவர் கிராகோவில் டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். நானும் கண்ணாடிப் பெட்டிக்குள் வாழ்ந்தவன், அவரும் கண்ணாடிப் பெட்டிக்குள் வாழ்ந்தவர். கீழே நின்று கத்துகிறவர்களை எப்படிக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருப்பது என்பது பற்றி இரண்டு பதார்த்த நேரம் பேசினோம்.

பன்னிரண்டாவதாக உலர்பழக் கஷாயத்தோடு, எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிற அந்தப் பெண் சமையலறையிலிருந்து வந்தாள். ஆறரை அடி உயரம். போக்னாவானால் நாற்காலி போட்டு ஏறினால்தான் அவள் காதில் பேசமுடியும். அப்போதுதான், அக்கா, சத்தியமாக அப்போதுதான், என் கண்ணாடியின் ஆவி விலகியது. "இது... பதினாலாம் நம்பர் வீடுதானே?" என்றேன். "பதினாறு" என்றார் ஒனுஃப்ரி, வாயில் கசகசாவோடு.

நான் கூரையைப் பார்த்தேன். பிறகு உறையைப் பார்த்தேன். உன் அப்பத்தில் ஒரு துகள்கூட இல்லை. பத்து வயிற்றுக்குள் போய்விட்டது. அந்தச் சுவருக்கு அந்தப்பக்கம் போக்னா ஏழு பேரோடு, ஒற்றைப்படையில், அப்பம் இல்லாமல், காலையிலிருந்து பட்டினியாக உட்கார்ந்திருக்கிறாள். நான் போனால்தான் எட்டு. அவள் அம்மா வருவதும் வராததும் என் உள்பையில் இருந்தது, அதை நான் பக்கத்து வீட்டில் விநியோகித்துவிட்டேன். தலையில் கைவைத்து நடந்தது அத்தனையும் ஒப்புவித்தேன். துறைமுகத்தில் ஒருமுறை என் கிரேனிலிருந்து கப்பல் கொள்கலன் ஒன்று நழுவியபோதுகூட நான் அப்படிக் கலங்கவில்லை.

யாரும் கோபிக்கவில்லை. லியோகாடியா அம்மையார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இருபத்தெட்டு வருஷமா இந்தத் தட்ட வைக்கிறேன், ஒரு பூனைகூட வந்ததில்ல. வந்தது ஒருத்தர், அவரும் வழி தவறினவரா!" என்றவர், சட்டென்று எழுந்து அலமாரியைத் திறந்து உடையாத ஓர் அப்பத்தை எடுத்தார். "உங்களோடத உடைச்சதால எங்களோடது அப்படியே இருக்கு. இதுவும் கோயில்ல மந்திரிச்சதுதான். கிளம்புங்க, புள்ளைங்க பசியோட இருக்கும்." ஆனால் கிளம்புவது அவ்வளவு சுலபமா? விருந்து முடிந்து மேசையைவிட்டு முதலில் எழுகிறவன் முதலில் கல்லறைக்குப் போவான் அல்லவா? அம்மையார் ஏற்கெனவே எழுந்துவிட்டதைக் கண்டு ஒனுஃப்ரி அலறினார். "நான் பாதிதான் எழுந்தேன்டா!" என்று அவர் மறுபடி உட்கார, ஒன்று இரண்டு மூன்று சொல்லிப் பத்துப் பேரும் ராணுவம்போல் ஒரே நொடியில் எழுந்தோம். வழி காட்ட அம்மையார் சிவப்புச் சால்வையைப் போர்த்திக்கொண்டு சூப் பானையோடு வந்தார். அம்மையாருக்கு வழி காட்ட ஒனுஃப்ரி வந்தார்.

போக்னா கதவைத் திறந்தாள். அவள் முகத்தை வருணிக்க மாட்டேன். அது உன் முகம். "மாமா, அம்மா மூணு தடவ கூப்பிட்டாச்சு! அப்பம் எங்க?" நீட்டினேன். உறையைப் பார்த்தாள். "இது நம்மோடது இல்லையே?" "கதை பெரிசு, முதல்ல உடை" என்றேன். இரண்டு விருந்தினரோடு மேசையில் பத்துப் பேரானோம், அதுவும் இரட்டைப்படை. வெறுந்தட்டின் முன் அம்மையார் உட்கார்ந்தார், ஒனுஃப்ரிக்கு வாணலியின் மூடியைத் தட்டாக்கினோம். பன்னிரண்டு பதார்த்தம், முதலிலிருந்து. ஒன்றை விட்டாலும் உன் நிபந்தனை போச்சு. போக்னாவுக்காக, உனக்காக, நான் கைவிடவில்லை. பதின்மூன்றாவதாக வந்த சூப்பை எண்ணெய்க் கப்பல் நிரப்புவதுபோல் நிரப்பினேன். ஹெரிங் மீன் எதிர்த்து நீந்தியது. நீ வீடியோவில் வந்தபோது என் பத்தாவது, அதாவது இருபத்திரண்டாவது, உள்ளே இறங்க மறுத்துத் தொண்டையில் நின்றுகொண்டிருந்தது. பெல்ட்டை மட்டுமல்ல, கால்சட்டைப் பித்தானையும் தியாகம் செய்தேன். அது பறந்துபோய் கஸ்பரின் நண்பன் ஒருவனின் கண்ணாடித் தம்ளரை அடித்தது.

இப்போது என் சட்டவாதம். முதல் நட்சத்திரம் என்றாய். நாங்கள் பதினாறாம் எண் முற்றத்தைக் கடந்தபோது மணி ஏழு. சரியாக அப்போது மேகம் விலகி ஒரு நட்சத்திரம் தெரிந்தது. லியோகாடியா அம்மையார், ஒனுஃப்ரி, ஒரு சூப் பானை ஆகிய மூன்று சாட்சிகள். கிரேன் விளக்கை நட்சத்திரமாக ஏற்றதை நான் இப்போது திரும்பப் பெறுவதால், கிராகோவின் முதல் நட்சத்திரம் அதுவே. பன்னிரண்டு பதார்த்தம்: இருந்தது, எனக்கு இரட்டிப்பாக. இரட்டைப்படை: இரண்டு வீட்டிலும் என்னால். வெறுந்தட்டு: உட்கார ஆட்களும் வந்தார்கள். அப்பம்: உன் அப்பம் ஒன்பது அந்நியர்களுக்கு நல்வாழ்வு தந்தது, அவர்கள் அப்பம் நமக்குத் தந்தது. இதில் எது குறைந்தது, சொல். ஆகவே நீ தோற்றாய். அடுத்த வருடம் இந்நேரம் நீ எங்களோடு வெளியூரில் இருப்பாய். போக்னா லிஸ்பனில் வீடு பார்க்கிறாள். அங்கே குளிரே இல்லையாம், உன் இடுப்புக்கு நல்லது. நீ ஒரு கரண்டியைக்கூடத் தொடமாட்டாய். நான் இருபத்தேழாம் தேதி ரயிலில் திரும்பிவிடுவேன், இனி அடக்கமாக வாழ்வேன்.

உன் அடுப்பு சோம்பாமலும், உன் இடுப்பு முணுமுணுக்காமலும், உன் கோபம் புத்தாண்டைத் தாண்டாமலும் இருக்க என் இரண்டு மடங்கு நிரம்பிய வயிற்றிலிருந்து வாழ்த்துகிறேன். அண்டை வீட்டு நாய்க்கு என் வணக்கம்.

உன் கீழ்ப்படிந்த தம்பி,
ஹிப்போலித்

பின்குறிப்பு: உன்னிடம் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை, அதனால் மூன்று திருத்தங்கள். கண்ணாடியைக் கதவருகிலேயே துடைத்துவிட்டேன். ஹெரிங் மீனுக்கு முன்பே எனக்குத் தெரியும், வீடு மாறிவிட்டது என்று. அப்பம் அதற்குள் உடைந்திருந்தது. நான் எழுந்தால் அவர்கள் ஒன்பது, எழாவிட்டால் போக்னா ஏழு. யோசித்துக்கொண்டிருக்கும்போதே கொழுக்கட்டை வந்துவிட்டது, லியோகாடியா அம்மையாரும் சிரித்துவிட்டார். இதைப் போக்னாவுக்குச் சொல்லாதே. இரண்டாவது, இருபத்தேழாம் தேதி ரயிலில் என்னைத் தேடாதே; அம்மையார் ஜனவரி ஆறுவரை தினமும் மிச்சச் சூப்பைச் சூடு பண்ணப்போகிறார், ஓர் ஆள் குறைகிறது. மூன்றாவது, லிஸ்பன் கிடையாது. அம்மையார் கடலைப் பார்த்ததில்லை. நன்றிக்கடனாக, "என் அக்கா வீட்டு ஜன்னல்ல நின்னா கடல் தெரியும், வாங்க" என்று சொல்லித் தொலைத்தேன். ஒன்பது பேரும் வருகிறார்கள். ஆகவே அடுத்த கிறிஸ்துமஸ் உன் வீட்டில்தான். நீ ஆசைப்பட்டது நடந்தது, போதுமா? ஆனால் சமையல் அவர்களுடையது, ஆறரை அடிப் பெண்ணின் தலைமையில். சமையலறைக் கதவில் ஒனுஃப்ரி மீசையோடு காவல். நாங்கள் எட்டு, அவர்கள் ஒன்பது, பதினேழு. ஓர் ஆள் குறைகிறது. வெறுந்தட்டை வாசலைப் பார்த்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். முதல் நட்சத்திரம் தெரிந்ததும் உன் வீட்டு மணியை நீயே அடித்து உள்ளே வா, அக்கா. நீ யார் என்று யாரும் கேட்கமாட்டோம். உட்கார், எழுந்திருக்காதே.